மூச்சு வாங்காத பேட்டரி

தையல்கார அக்கா தன் அண்ணனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் சரியாகப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். அந்தப் பணம் மூன்று வாரத்துக்கு முன் எங்கள் கடையில் ஒரு பேட்டரியாக மாறி, ஐந்தே நாளில் செத்துப்போனது.

அக்காவுக்கு வீடே ஒரு பழைய கேரவன்தான். ஊர் ஊராகப் போய்த் தைப்பார். உள்ளே அம்மா, தையல் மெஷின், சின்ன ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜில் அம்மாவின் சர்க்கரை நோய்க்கான ஊசிமருந்து. பேட்டரி நின்றால் மருந்து கெடும்.

எங்கள் கடை வாசலில் அப்போது காரும் கேரவனுமாக வரிசை. காரணம் பேட்டரிச் சாமி. சிவப்பு நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிடுவார். எதன் மேல் நட்டு சுற்றுகிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு ஒத்துப்போகும் பேட்டரி. படித்தவர்கள்கூட வாயைப் பிளந்து பார்த்தார்கள். எல்லார் கண்ணும் நட்டின் மேல். சாமியின் மணிக்கட்டை ஒருவரும் பார்க்கவில்லை. லாபம் முதலாளிக்குப் பாதி, சாமிக்குப் பாதி. தூக்குவது மட்டும் நான்.

வெளியூரில் தினம் ஐஸ் வாங்கிச் சமாளித்துவிட்டு அக்கா மறுபடி வந்து நின்றார்.

"உன் மனசுல சந்தேகம் இருந்துச்சும்மா. அதான் பேட்டரி கோவிச்சுக்கிச்சு," என்றார் சாமி. "இன்னொண்ணு எடுத்துக்கோ."

"கோவிச்சுக்க வீட்டுல அம்மா இருக்காங்க. பேட்டரி வேறயா?"

கூட்டம் சிரித்தது. ஆனால் மருந்து ஐஸ் டப்பாவில் இருந்தது. சாயங்காலத்துக்குள் ஐஸ் கரைந்துவிடும். வேறு வழியில்லாமல் அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றப் போனார். வண்டியில் கிடந்த ஆதிகாலத்துப் பேட்டரியையும் எடைக்குப் போடச் சொன்னார். அதை இறக்கி வைத்துவிட்டு, சாமி காட்டிய புதுசைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"தம்பி, பழசை இறக்குறப்ப உனக்கு மூச்சு வாங்குச்சு. புதுசைத் தூக்கிட்டுப் பேசிக்கிட்டே வர்ற. ஏன்?" என்று கேட்டார் அக்கா.

முதலாளி என்னை முறைத்தார். மூன்று வாரமாக என் இடுப்புக்குத் தெரிந்ததை வாய் சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்.

"ரெண்டையும் எடை போட்டுப் பாருங்கக்கா," என்றேன்.

தராசு அங்கேயே இருந்தது. பழசு முப்பத்தொரு கிலோ. அதே கம்பெனி, அதே அளவு, புதுசு பதினாலு.

சாமி அசரவில்லை. "மின்சாரத்துக்கு ஏதும்மா எடை? சக்தி ஏற ஏறப் பாரம் குறையும்."

"மின்சாரத்துக்கு எடை இல்லைங்க. உள்ள இருக்க வேண்டிய ஈயத்துக்கு இருக்கு," என்றேன்.

வரிசையில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே ஒரு ஸ்கூட்டர் பேட்டரி, அரைச் செங்கல், மிச்சமெல்லாம் தெர்மோகோல். நட்டு மட்டும் இன்னும் ஜோராகச் சுற்றியது. இந்த முறை எல்லார் கண்ணும் சாமியின் மணிக்கட்டின் மேல்.

கூட்டம் நெருக்க, முதலாளி முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார். அக்கா அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டு, பணம் திரும்பிவிட்டது என்றார்.

"எனக்கு வேணாம், நீயே வச்சுக்க," என்றார் அண்ணன். "அதுல ஒழுங்கா ஒண்ணு வாங்கு. கடன் போகட்டும்."

எனக்கு வேலை போனது. அடுத்த தெருக் கடையில் அக்கா வாங்கிய பேட்டரியை நான்தான் வண்டியில் ஏற்றினேன். நன்றாக மூச்சு வாங்கியது. கும்பிடக் கையைத் தூக்குகிறவர்களே, முதலில் பொருளைத் தூக்கிப் பாருங்கள்.