ஒரே ஒரு 'வேண்டாம்'

சொத் சொத்தென்று ஈரத்துணி அடிக்கும் சத்தம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு வார்த்தை: "பிளீஸ்... போர் ஃபவோர்... தேங்க் யூ... கிராசியாஸ்..." ஷெஃப்ஷாவன் ஊரின் அந்தச் சந்தில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மொட்டை மாடியில் முஃபத்தல் போர்வை துவைத்துக்கொண்டே மரியாதை படித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் இரண்டு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு விட்டிருந்தார்கள். வருகிறவர்களைச் சிரித்து வரவேற்பது மனைவி ரிமூ. அவர்கள் படுத்த போர்வையைத் துவைப்பது முஃபத்தல். ஏழு வருஷம். முதுகு வில்லாகிவிட்டது. ஆங்கிலம், ஸ்பானியம் இரண்டு மொழியிலும் மரியாதையாகப் பேசிக் காட்டினால் வரவேற்பு அவனுக்கு, துணி அவளுக்கு என்று பேச்சு.

வியாழக்கிழமை ஓர் இங்கிலாந்துக்காரரும் அவருடைய ஸ்பானிய மனைவியும் வந்தார்கள். முஃபத்தல் இரண்டு மொழியிலும் வரவேற்றான். படியில் அந்த அம்மாள் இடறியதற்கு இவன் மன்னிப்புக் கேட்டான். புதினாத் தேநீரை நீட்டினான். "நோ, தேங்க்ஸ்" என்றார் இங்கிலாந்துக்காரர். தட்டோடு திரும்பிவிட்டான்.

அடுக்களையில் ரிமூ மறித்தாள்.

"என்னங்க, ஒரு தடவை வேண்டாம்னாங்க, தூக்கிட்டு வந்துட்டீங்க? மூணு தடவை கேக்க வேணாமா? நம்மள்ல யாராவது எடுத்ததுமே சரின்னு சொல்லுவாங்களா?"

"அது நம்ம மரியாதை. அவங்க மரியாதை வேற. ஒரு தடவைதான் கேக்கணும். வேண்டாம்னா வேண்டாம்தான்."

"அப்படியா? அப்ப நாம என்ன சொல்லணும்?"

"முய் பியென், கிராசியாஸ். ரொம்ப நல்லது, நன்றின்னு அர்த்தம்."

ரிமூ இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "ஜெயிச்சுட்டீங்க. நாளையிலேருந்து துணி எனக்கு."

மறுநாள் முஃபத்தல் விருந்தாளிகளோடு திண்டில் சாய்ந்திருந்தான். ரிமூ போர்வைக் கூடையோடு வந்து நின்றாள். குரலில் தேன் வழிந்தது.

"போர் ஃபவோர், இதை நான் துவைக்கட்டுமாங்க?"

கூடையைப் பார்த்தே விருந்தாளிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எல்லார் கண்ணும் அவன்மேல். எடுத்ததுமே சரி என்றால் ஊர் என்ன நினைக்கும்? முதல் தடவை மறுப்பது, அடுத்த தடவை தயங்குவது, மூன்றாவது தடவை மனமில்லாததுபோல் சம்மதிப்பது. பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம்.

"நோ, கிராசியாஸ்" என்றான், பெருந்தன்மையாக. அடுத்த தடவைக்குக் காத்திருந்தான்.

"முய் பியென், கிராசியாஸ்" என்றாள் ரிமூ. கூடை அவன் மடிக்கு வந்தது.

ஸ்பானிய அம்மாள் தன் கணவரை முழங்கையால் இடித்து, முஃபத்தலைக் காட்டினாள். "பாருங்க, ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்."

மாடிப்படி ஏறும்போது பின்னாலிருந்து ரிமூவின் குரல் வந்தது. "தேநீர் மேலயே கொண்டு வரேங்க. அதை மூணு தடவை கேக்கறேன்."

முஃபத்தல் குழாயைத் திறந்துவிட்டு, முதல் போர்வையை நனைத்தான்.