மரகதத் தும்பிக்காரர் இடம் சொல்ல மாட்டார்

மரகதத் தும்பிகளில் பல வகை உண்டு என்கிறார்கள். பத்தாங் காலிப் பக்கத்து மலை ஓடைகளில் நிழலோடு நிழலாகத் திரிபவை சில. சதுப்புக் காட்டோரத்தில், பால் கலக்காத தே ஓ நிறத்தில் அசையாமல் கிடக்கும் நீரின் மேல் அந்தி நேரத்தில் ரோந்து போகிறவை சில. அவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவை பாவம், யாருக்கும் கெடுதல் செய்யாதவை.

நான் சொல்ல வந்தது அவற்றைப் படம் பிடிக்கும் உயிரினத்தைப் பற்றி. இதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட சட்டை, பதினாறு பை வைத்த மேலங்கி (அதில் பதினைந்து பை காலி), பச்சைக் குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்த காமிரா. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் குவாலா சிலாங்கூர் ரொட்டி சானாய்க் கடைகளில் கூட்டமாகக் காணப்படும். கூப்பிட்டால் வரும், கொடுத்தால் சாப்பிடும், கேட்காமலே பேசும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வராது.

"எங்க பார்த்தீங்க?"

"வடக்கே."

அவ்வளவுதான். இந்த உயிரினத்தின் பெயர் இடம் சொல்லாதவர்.

நம் வட்டாரத்தில் இதற்குச் சிறந்த உதாரணம் திருவாளர் சிவானந்தம். ரவாங் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். பெற்றோர் எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். ஊரில் யாருக்கும் ஒரு தீங்கு நினைக்காதவர். தும்பி நண்பர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அவர் மரகதத் தும்பியின் படத்தைப் போட்ட நாளை யாரும் மறக்க முடியாது. சுள்ளி ஒன்றில் நேர்க்குத்தாகத் தொங்குகிறது. உடம்பெல்லாம் பச்சை உலோகம். கண்கள் இரண்டும் வெயிலில் பிடித்த கண்ணாடி வளையல். நாங்கள் எல்லோரும் கை கூப்பும் படம், தீ எரியும் படம், அழும் படம் என்று அனுப்பித் தள்ளினோம். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'வடக்கே ஓர் இடத்தில்.' இங்கிருந்து பார்த்தால் சீனாகூட வடக்கேதான்.

படத்தில் தும்பியும் சுள்ளியும் தவிர வேறெதுவும் தெரியாது. பின்னால் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓலை நுனி தெரிந்திருந்தால்கூட யாராவது மோப்பம் பிடித்துவிடுவார்களே? ஆகவே வெட்டுவார். வெட்டியதை மங்க வைப்பார். மங்க வைத்ததை மறுபடி வெட்டுவார். தும்பியைப் பற்றி அவர் கற்றது கொஞ்சம், கத்தரிப்பதில் கற்றது ஏராளம்.

போகும் வழியையும் அப்படித்தான் கத்தரித்தார். தும்பி இருந்த செம்பனை எஸ்டேட்டின் கேட்டுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, அதற்கு வெகு தூரம் முன்பே முனீஸ்வரர் கோயில் வாசலில் நிறுத்துவார். அங்கிருந்து செம்பனைக்குள் புகுந்து, சுற்றி, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி சுற்றி நடப்பார். வாராவாரம் விடியற்காலையில் கோயில் வாசலில் அவருடைய கார் நிற்பதைக் கண்ட நிர்வாகத்தார் மனம் உருகி அவரை ஆலய ஆலோசகராக நியமித்துவிட்டார்கள். மறுத்தால் ஏன் வருகிறீர்கள் என்று கேட்பார்களே? ஏற்றுக்கொண்டார்.

வீட்டிலும் இதே கொள்கைதான்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?" என்றார் மனைவி லீலாவதி ஒரு நாள்.

"வடக்கே."

"அடுப்படியும் வடக்கேதான் இருக்கு. போயி காப்பியப் போட்டு வச்சிட்டுப் போங்க."

ஏன் இந்த மறைப்பு என்று கேட்டால், நியாயமான ஒரு பதில் வைத்திருப்பார். இடம் தெரிந்தால் கூட்டம் வரும், மிதிப்பார்கள், வலை கொண்டு வருவார்கள், தும்பி போய்விடும். பொய்யில்லை, அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் அவருக்கு நிஜமான பயம் வலை வைத்திருப்பவரைப் பார்த்தல்ல. பெரிய லென்ஸ் வைத்திருப்பவரைப் பார்த்து. குறிப்பாகச் சொன்னால், சுங்கை பெசாரில் லோரி கம்பெனி நடத்தும் ஜீவனைப் பார்த்து. ஜீவன் வந்து அதே சுள்ளியில் அதே தும்பியை இன்னும் கொஞ்சம் தெளிவாகப் பிடித்துவிட்டால்? அப்புறம் சிவானந்தம் யார்? ரவாங் தொழிற்சாலையில் ஒரு சூப்பர்வைசர்.

இப்படியே அவர் காலம் போயிருக்கும். தும்பியின் காலமும் போயிருக்கும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மணி வந்து சேர்ந்தாள்.

கண்மணி அந்த எஸ்டேட்டில் சுற்றுச்சூழல் அதிகாரி. கம்பெனிச் சட்டையோடு ரொட்டிக் கடைக்கே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேராக விஷயத்துக்கு வந்தாள். இந்த உயிரினத்திடம் யாரும் அப்படிச் செய்யக் கூடாது.

"அண்ணே, புதன்கெழம எக்ஸ்கவேட்டர் வருது. நாலாம் டிவிசன்ல எல்லாக் கானும் தூர் எடுக்கப் போறாங்க. நீங்க அங்க செம்பனைக்குள்ள சுத்துறத வேலையாளுங்க பார்த்திருக்காங்க. ஒங்க பச்சத் தும்பி எந்தக் கான்ல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அத விட்டுடச் சொல்லி மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டாரு."

செம்பனை வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டியிருக்கும் கான்களைத்தான் சொன்னாள். எல்லாக் கானும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். தும்பிக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

சிவானந்தம் ரொட்டியைப் பிய்த்தார். "எல்லாத்தையும் விட்டுடச் சொல்லேம்மா."

"எல்லாத்தையும் விட்டா மழைக்குத் தண்ணி ஏறி மரம் முழுகிடும்லா. ஒன்னுதான் தருவாரு. குஞ்செல்லாம் தண்ணிக்கு அடியில எல மக்குலதான கெடக்கும்? பக்கெட்ட விட்டு அள்ளுனா அத்தனையும் போயிடும்ண்ணே. அப்புறம் நீங்களும் நானும் தேட வேண்டியதுதான்."

எதிரில் ஜீவன் உட்கார்ந்திருந்தார். சீனி போடாத தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். நிதானமாக, காது இரண்டும் விடைக்க.

உண்மையான இடம் கடைசிக் கான். எஸ்டேட் முடிந்து சதுப்புக் காடு தொடங்கும் எல்லையில், மேலே கிளைகள் மூடி, கீழே இலை மக்கிக் கறுத்த நீர். இரண்டு சொல்தான்: கடைசிக் கான். ஒரு வாய் ரொட்டியை விழுங்கும் நேரத்தில் சொல்லிவிடலாம்.

"மூணாங் கான்," என்றார் சிவானந்தம். "பம்ப் வீட்டுக்குப் பக்கத்துல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. தும்மல்போல் தானாக வந்தது. மூன்றாம் கான் எப்படிப்பட்டது என்று கேட்கிறீர்களா? வேலையாட்கள் மோட்டார் சைக்கிள் கழுவும் இடம். அங்கே தும்பி வந்தால் சவர்க்கார நுரையில் வழுக்கி விழும்.

"மோட்டார் கழுவுற எடமாச்சேண்ணே?"

"அதான்மா விசேஷம். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

ஜீவன் போனதும் கண்மணியைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் அவர் எண்ணம். ஆனால் ஜீவன் போகவில்லை, கண்மணிதான் போனாள். சரி, நாளைக்குப் போன் செய்யலாம். மறுநாள் மாலை ஜீவன் பம்ப் வீட்டருகே இருட்டும்வரை நின்று கொசுவுக்கு விருந்து வைத்தார் என்று கேள்விப்பட்டதும் சிவானந்தத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு சிரித்த பிறகு எப்படிப் போன் செய்வது?

செவ்வாய்க்கிழமை கைப்பேசியைக் கையில் எடுத்தும்விட்டார். அதற்குள் கண்மணியின் குரல் பதிவு வந்து விழுந்தது.

"அண்ணே, ரொம்ப நன்றிண்ணே. மூணாங் கான்ல கை வைக்க மாட்டாங்க. அங்க ஒரு போர்டு வைக்கப் போறோம். ஒங்க படம் போட்டு, கீழ ஒங்க பேரு. பெருசாவே போடச் சொல்லியிருக்கேன்."

அவர் அதைக் கேட்டார். மறுபடி கேட்டார். லீலாவதியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

ஆனாலும் மனிதர் கெட்டவர் அல்லர் என்று முன்பே சொன்னேன். புதன் காலை லீவு போட்டார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து காரை எடுத்தார். அவமானப்பட்டாலும் சரி, போர்டு போனாலும் சரி. தும்பிக்காக ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

எஸ்டேட் கேட் வழியாக நேராகப் போயிருக்கலாம்.

கார் தானாகக் கோயில் வாசலில் போய் நின்றது. அவர் இறங்கினார், ஆலோசகருக்குப் பூசாரி திருநீறு கொடுத்தார், வாங்கிப் பூசிக்கொண்டார். செம்பனைக்குள் புகுந்தார். சுற்றினார். யாராவது பின்னால் வருகிறார்களா என்று நின்று பார்த்தார். உண்மையைச் சொல்லப் போகிறவரை யார் பின்தொடரப் போகிறார்கள், எதற்கு? அதெல்லாம் கால்களுக்குத் தெரியாதே. அவை பழகிய வழியில் போயின.

அவர் போய்ச் சேர்ந்தபோது கடைசிக் கானில் பாதிக்குக் கரையும் இல்லை, நிழலும் இல்லை. மேலே மூடியிருந்த கிளைகளை ஒடித்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். கறுத்த இலை மக்கு வெயிலில் குவியலாகக் கிடந்தது. குவியலுக்குள் ஏதோ நெளிந்தது. சிவானந்தம் மண்டியிட்டு அமர்ந்து, காமிரா சேற்றில் உரச, இரண்டு கையாலும் கிளறி, அகப்பட்டதைத் தண்ணீரில் விட்டார். அகப்பட்டது கொஞ்சம். விட்ட தண்ணீரும் பால் கலந்த தே போலக் கலங்கிக் கிடந்தது.

எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "என்னாண்ணே தேடுறீங்க?"

சொல்லியிருக்கலாம். அப்போதும் பாதிக் கான் மிச்சம் இருந்தது.

"ஒன்னுமில்லப்பா. கார் சாவி."

ஓட்டுநர் நல்ல மனிதர். "கெடச்சிருச்சா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டு, மிச்சத்தையும் அள்ளினார்.

போர்டு வைத்த அன்று பம்ப் வீட்டருகே சிறு கூட்டம். மரகதத் தும்பியின் படம் ஆள் உயரத்துக்கு. எந்த இடம் என்றே தெரியாதபடி கத்தரித்த படம் அல்லவா, அதனால் அந்த இடத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. கீழே 'சிவானந்தம்' என்று கொட்டை எழுத்து. மோட்டார் கழுவும் பையன்கள் வாளியை ஓரமாக வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். இனி அவர்கள் கழுவ வேறு கான் பார்க்க வேண்டும்.

ஜீவன் நெருங்கி வந்து தோளில் கை போட்டார்.

"அண்ணே, இங்க இல்லன்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். இப்பவாச்சும் சொல்லுங்கலா. எங்க இருக்கு?"

"தெரியலப்பா," என்றார் சிவானந்தம்.

"எனக்கேவா?"

"சத்தியமா தெரியல ஜீவா."

ஜீவன் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க திருந்தவே மாட்டீங்கண்ணே!"

அவர் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்குச் சொன்ன ஒரே உண்மையான பதில் அது. கூட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை.

கண்மணி மட்டும் இன்றும் சனிக்கிழமை மாலைகளில் மூன்றாம் கானில் போய் நிற்கிறாள். நின்றுவிட்டு அவருக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள்: 'இன்னிக்கும் வரலண்ணே. நான்தான் ஏதோ தப்பா செஞ்சிட்டேன்போல. மழ பேஞ்சா வருமா?' அவர் பதிலாகக் கை கூப்பும் படம் ஒன்றை அனுப்புகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தும்பிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் காமிராவைத் தொட்டதுகூட இல்லை.

ஆனால் போன தீபாவளிக்கு நீங்கள் உடுத்தியிருந்த சேலையின் ரவிக்கை அளவெடுத்து வார்த்ததுபோல இருந்ததே, எந்தக் கடையில் தைத்தீர்கள் என்று நான் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? நினைவிருக்கிறதா? "அங்க, சுங்கை பெசார் பக்கம்." பக்கம்! சொன்னால் கூட்டம் சேர்ந்துவிடும், அப்புறம் உங்கள் ரவிக்கைக்கு முறை வராது என்று பயந்தீர்கள், பயம் நியாயம்தான்.

கவலையே வேண்டாம். அந்தக் கடை எது என்று இப்போது எனக்கே தெரிந்துவிட்டது. போன வாரம் சுங்கை பெசார் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது, உங்கள் ரவிக்கையின் அதே வெட்டில் ஒன்று கண்ணாடிக்குள் தொங்கும் தையல் கடையின் மூடிய கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தைக்கக் கொடுக்க ஆள் வராததால் கடையை மூடிவிட்டார்களாம்.