திருப்பதி போட்ட புகை வரி

கீரமங்கலம் திருப்பதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உலகத்தைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தார். காரணம், அவருடைய மோட்டார் சைக்கிள்.

லேசுப்பட்ட வண்டியா அது! கீரமங்கலத்தில் உதைத்தால் பல மைல் தள்ளி அரிமளத்தில் கொடியில் காயும் வேட்டி கறுத்துப்போகும். ஆறு மாதமாக இன்ஜின் படுத்துக் கிடந்தது. எழுப்ப இருபதாயிரம் ஆகும் என்றார் மெக்கானிக். பணமோ பூ வியாபாரம் செய்யும் மனைவி அமிர்தவல்லியிடம். கேட்டால் சிரிப்பாள்; கொடுக்க மாட்டாள்.

அந்த நேரம் பார்த்து டிவியில் கார்பன் வரி பற்றிப் பேசினார்கள். பாதி புரிந்தது. பாதி போதும் என்று அடுப்படிக்குப் போனார்.

“அமிர்தம், இன்னையிலேருந்து பொகை விடுறவுக வரி கட்டணும். வரிக்குப் பயந்து பொகை கொறையும். ஒலகம் பொழைக்கும்.”

“இங்க யாருங்க பொகை விடுறது?”

“நீதான். கேஸ் அடுப்பு, வெறகடுப்பு, சாம்பிராணி.”

“ஒங்க வண்டி?”

“படுத்த வண்டிக்கு ஏது வரி?”

அமிர்தவல்லி தோசையைத் திருப்பிப் போட்டாள். “இந்தத் தோசையை எனக்கா சுடுறேன்? தின்னுறவருக்கு வரி கெடையாதா?”

திருப்பதி டிவி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். “அந்த எடத்துல டிவியில வெளம்பரம் போட்டுட்டாங்க.”

“சரி, வரி நெறைய வசூலானா பொகை கொறையலைன்னு அர்த்தம். பொகை கொறைஞ்சா வசூல் இருக்காது. ஒங்களுக்கு எதுங்க வேணும்?”

திருப்பதி விரலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். உலகம் பிழைத்தால் வண்டி பிழைக்காது. வண்டி பிழைத்தால் உலகம் பிழைக்காது. தான் எந்தக் கட்சி என்றே அவருக்குத் தெரியவில்லை.

“ரெண்டும் வேணும். வருசத்துக்கு இருபதாயிரம்.”

“கட்டிடுறேன். ஆனா எழுத்து வேணும். ராக்கன் அண்ணனைக் கூப்பிடுங்க.”

ராக்கன், இலை போட்டுப் பணம் திரட்டும் அந்த வட்டாரத்து மொய் விருந்துகளில் யார் எவ்வளவு போட்டார் என்று நோட்டு எழுதுகிறவர். இவ்வளவு சுலபமா என்று திருப்பதிக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்கு ஓடி வடையும் கேசரியும் வாங்கிவந்து, வாழையிலை போட்டு, ராக்கனுக்கும் அமிர்தவல்லிக்கும் தன் கையாலேயே பரிமாறினார். ராக்கன் ஏப்பம் விட்டுவிட்டு அமிர்தவல்லியின் பெயரை எழுதினார். இருபதாயிரமும் ராக்கன் கொண்டுவந்திருந்த பித்தளை அண்டாவில் விழுந்தது.

ஒரே வாரத்தில் வண்டி எழுந்தது. வாசலில் வைத்து உதைத்தார். தெருவில் மேய்ந்த வெள்ளைக் கோழி கருங்கோழியாகிவிட்டது.

புகை விலகியபோது எதிரே ராக்கன், கையில் நோட்டு. பக்கத்தில் அமிர்தவல்லி.

“மாப்ள, தங்கச்சி மொய் போட்டுச்சுல்ல? எப்ப திருப்பிச் செய்யப் போற?”

“மொய்யா? அது வரி மச்சான்!”

“வரின்னா ரசீது எங்க? எலை போட்ட. வடை வச்ச. அண்டாவுல பணம் விழுந்துச்சு. நான் எழுதுனேன். இதுக்கு இந்தப் பக்கம் வேற பேரு இருக்கா?”

திருப்பதி யோசித்துப் பார்த்தார். இல்லை.

“புருசன் பொஞ்சாதிக்குள்ள என்ன மச்சான் மொய்?”

“நோட்டுல அப்படி ஒரு கட்டம் இல்லை மாப்ள. வாங்குனதுக்கு மேல போட்டுச் செய்யணும். செய்யலைன்னா ஊர்ல ஒனக்கு எங்கயும் எலை விழாது.”

ஆடி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. பிறந்துவிட்டால் தெருவுக்குத் தெரு மொய் விருந்து, வீட்டுக்கு வீடு கறிச்சோறு. தன் இலை மட்டும் இல்லாத பந்தியை நினைத்ததும் திருப்பதிக்கு நாக்கு உலர்ந்துபோனது.

“கையில காசு இல்லையே!”

“வண்டி இருக்குல்லங்க?” என்றாள் அமிர்தவல்லி. “இப்பத்தான் நல்லா ஓடுது, நல்ல வெலைக்குப் போகும். இருபதாயிரம் பழைய மொய்க்கு, மிச்சம் எனக்குப் புது மொய்யின்னு எழுதிக்கலாம்.”

வரி எங்கே முடிந்தது, மொய் எங்கே தொடங்கியது என்று திருப்பதி விரலை மடக்குவதற்குள் ராக்கன் எழுதி முடித்துவிட்டார். வண்டி விலைக்குப் போனது; பணம் அமிர்தவல்லியிடம் போனது.

பத்தாம் நாள் அதே வாசலில் அந்தப் பணத்தில் வாங்கிய பேட்டரி ஸ்கூட்டர் நின்றது. புகையும் இல்லை, சத்தமும் இல்லை. அமிர்தவல்லி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். எப்படியோ உலகம் பிழைத்துவிட்டது, அதில் ஓரமாக உட்கார்ந்தாவது போகலாம் என்று திருப்பதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டுப் பக்கம் போனார்.

“அங்கிட்டு நில்லுங்க, அது பூக்கூடைக்கு” என்றாள் அமிர்தவல்லி. “நீங்க நடந்து வாங்க. அதுலதான் பொகையே கெடையாது.”