கஞ்சி போட்ட முகம்

சாயங்காலம் கணவரின் இடது கண்கட்டை அவிழ்க்கப்போகிறார்கள் என்று நினைக்க நினைக்க, இஸ்திரிக்கடைக்காரிக்கு வேலையே ஓடவில்லை.

கண்ணில் புரை என்று அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனவளே அவள்தான். இரண்டு கண்ணும் மங்கல் என்று சொல்லி, பட்டன் தைக்கும் வேலையைக்கூட அவள் தலையில் கட்டியிருந்தார் மனுஷர். ஆனால் அந்த மங்கல் கண்ணால் தினமும் அவளைப் பார்த்து, "கல்யாணத்துல பாத்த மாதிரியே இருக்கடி" என்பார். அந்த ஒரு சொல்லில்தான் அவள் பொழுதே விடியும். புதுக் கண்ணால் பார்த்தால் இனி அதைச் சொல்வாரா?

மருந்துக்கடைக்காரரிடம் ஓடினாள். சாயங்காலத்துக்குள் சுருக்கம் போக ஏதாவது வேண்டும் என்றாள். அவர் சிரிக்கவில்லை.

"வயசானா தோலுக்கு உள்ள இருக்கிற இழுவை போயிடும்க்கா, பழைய நிக்கர் எலாஸ்டிக் மாதிரி. நீங்க வேற காலமெல்லாம் வெயில்ல நின்னு துணி காயப்போட்டவங்க."

"திரும்ப இழுக்க வழியே இல்லையா?"

"எலாஸ்டிக்னா மாத்தலாம்."

ஊரார் சுருக்கத்தையெல்லாம் எடுத்தவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. காலருக்குப் போடும் கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து முகத்தில் பூசிக்கொண்டு விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தாள். முகம் பலகையாக நின்றது. கண்ணாடியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவ்வளவுதான், காய்ந்த ஏரி போல நாலா பக்கமும் வெடித்தது. சுரண்டினாள், தக்காளியாகச் சிவந்தது. சிவப்பை மறைக்கப் பவுடரை அப்பினாள். பவுடரோ சுருக்கம் சுருக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் இருந்த கோடுகளையெல்லாம் அடிக்கோடு போட்டுக் காட்டியது.

அலம்ப நேரமில்லை. அப்படியே ஓடி ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் நின்றாள்.

நர்ஸ் கட்டை அவிழ்த்தாள். அவர் கண்ணைச் சிமிட்டினார். மனைவியை நிதானமாகப் பார்த்தார்.

"அப்படியேதான் இருக்கடி."

இந்த முகத்தைப் பார்த்தா? ஐயோ, இருந்த பார்வையும் போய்விட்டது. நர்ஸை வெளியே இழுத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபரேஷன் கெட்டுப்போச்சும்மா. அவருக்கு ஒண்ணுமே தெரியல. அந்த வலது கண்ணையாவது பாத்துப் பண்ணுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நர்ஸ் அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"வலது கண்ணுக்கு எதுக்கும்மா ஆபரேஷன்? அதுல ஒரு குறையும் கிடையாதே. முதல் நாளே கடைசி வரிசைப் பொடி எழுத்து வரைக்கும் கடகடன்னு வாசிச்சாரே."