மேல் போர்ஷனில் இருப்பதற்குப் பெயர்

இயேசு மரி சூசை துணை

ஜோகுபாளையம், பெங்களூரு

அன்புத் தங்கை பிரிஜெட்டுக்கு அண்ணன் ரெமிஜியஸின் ஆசீரும் அன்பும். நானும் உன் அண்ணி அன்னம்மாளும் ஆண்டவர் தயவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நம்புகிறேன்.

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, இந்தப் பத்து நாளாக நாங்கள் இருந்த இருப்பு எங்களுக்குத்தான் தெரியும். முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்திய நீ பக்கத்தில் இருந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. பீன்யா வீட்டைக் காலி செய்து இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது அல்லவா, கீழ் போர்ஷன் எங்களுடையது. மேல் போர்ஷனில் இருந்தவரை நாங்கள் வருமுன்பே அனுப்பிவிட்டு வீட்டுக்காரப் பெண் தர்ஷினி பூட்டு போட்டிருந்தாள். பூட்டிய அந்த வீட்டில் தினமும் மதியம் சரியாக மூன்று மணிக்கு யாரோ நடந்தார்கள். மெதுவாக, செருப்பில்லாத நடை. பிறகு நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை, அந்த ஒன்றுமில்லாததுதான் தாங்க முடியாது. ஒருநாள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. நான் பார்ப்பது தெரிந்தது போலத் தலையை மட்டும் திருப்பியது. வாங்கிய தயிரை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

தர்ஷினிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனவே வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில், மேலே கோஸ்ட் இருக்கிறது என்று எழுதினேன். உடனே போன் செய்தாள்.

"அங்கிள், கோஸ்ட்னு எழுத்துல போடாதீங்க. யாராவது பார்த்தா வீடு வாடகைக்குப் போகாது. டீசன்ட்டா வேற வார்த்தை போடுங்க."

டீசன்ட்டாக இருக்கட்டுமே என்று ஸ்பிரிட் என்று எழுதினேன். மேலே யாரோ குடிக்கிறார்கள் என்று நினைத்து, பாட்டில் பொறுக்க வாட்ச்மேனை அனுப்பிவிட்டாள். அவர் கதவில் காதை வைத்துக் கேட்டவர் படியிறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போயேவிட்டார். பிறகு அகராதியைத் திறந்தேன். போல்டர்கைஸ்ட் என்று ஒரு ஜெர்மன் சொல், பாத்திரம் பண்டம் எறிவதாம். பீன்யாவில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு வந்த ஜெர்மன் லேத் மெஷினே அந்த ரகம்தான். இங்கே எதுவும் எறியப்படவில்லை என்பதால் நேர்மை கருதி விட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரிவது அப்பாரிஷன் என்று போட்டிருந்தது. எவ்வளவு கௌரவமான சொல். மேல் போர்ஷனில் தினம் மூன்று மணிக்கு அப்பாரிஷன் என்று எழுதி அனுப்பினேன். அது தர்ஷினிக்குப் போகாமல் நம் கோயில் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

நம் ஜனங்களுக்கு அப்பாரிஷன் என்றால் ஒன்றுதானே, மாதா காட்சி. மறுநாள் இரண்டரைக்கே நாற்பது பெண்கள் மெழுகுவர்த்தியோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அது மாதா இல்லை என்று எத்தனையோ சொன்னேன். "காட்சி கெடைச்ச வீட்டுக்காரர் இப்படித்தான் தாழ்மையா பேசணும்" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெபமாலை தொடங்கியது. முதல் அருள்நிறை மந்திரத்தில் ஒருத்தி முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். பின்பாதியை மற்றவர்கள் தொடங்குமுன், பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து ஒற்றைப் பெண்குரல் சொன்னது. அதுவும் இப்போதைய ஜெபம் இல்லை பிரிஜெட், "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று, நம் அம்மா சொல்லும் பழைய ஜெபம். நிதானமாக, கடைசி வார்த்தை வரை. ஆமென் சொல்ல அங்கே ஒருவரும் மிச்சமில்லை. பதினேழு ஜோடி செருப்பு இன்னும் படியில் கிடக்கிறது.

மறுநாள் காலை தர்ஷினி சாவியோடு வந்தாள். நானும் கூடப் போனேன். ஹாலில் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. சமையலறைக் கதவுக்குப் பின்னால், வெள்ளை நைட்டியில், ஒரு பையை அணைத்துக்கொண்டு வயதான பெண்மணி. பதினொரு வருஷம் அங்கே குடியிருந்த மிஸ் கேரல் என்பவராம். தம்பி மகன் வீட்டில் இருக்க முடியாமல், திருப்பித் தராத இன்னொரு சாவியால் திரும்பி வந்திருக்கிறார்.

"அங்க என்னை யாரும் திட்டல, தர்ஷினி. நான் இருக்கறதே யாருக்கும் தெரியல" என்றார்.

தர்ஷினி சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு, "இங்க நடந்தது ஏரியா முழுக்கத் தெரிஞ்சுபோச்சு ஆன்ட்டி. புதுசா யாரும் வரமாட்டாங்க. நீங்களே இருங்க" என்றாள். வயதானவர் பழைய ஜெபம் சொல்வதில் என்ன அதிசயம்? பயந்ததை நினைத்து வெட்கமாக இருக்கிறது.

அன்னை மரியாள் உங்கள் வீட்டைக் காக்கட்டும். அண்ணியின் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
ரெமிஜியஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது மிஸ் கேரல் கீழே வந்தார். சாயங்கால ஜெபமாலைக்கு அண்ணி அவரைக் கூப்பிட்டாள். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நாங்க பரம்பரையா புராட்டஸ்டன்ட்" என்றார். அன்றைக்கு உள்ளிருந்து சொன்னீர்களே என்றேன். "நான் சமையக்கட்டுல வாயைப் பொத்திட்டு நின்னேன். ஹால்ல இருந்து சொன்னது உங்க வீட்டம்மா இல்லையா? தினம் மூணு மணிக்கு வந்து நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருவாங்க. உங்ககிட்டயும் ஒரு சாவி இருக்கும்போல, காட்டிக்கொடுக்காம எனக்குத் துணையா வர்றாங்கன்னு நெனச்சேன். சங்கடமா இருக்குமேன்னு வெளிய வந்து முகம் பார்க்கல."

பிரிஜெட், உன் அண்ணி முட்டிவலிக்காரி. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த மாடிப்படியில் அவள் கால் வைத்ததே இல்லை.