நாற்பது பேர் மூச்சுவிட்ட மண்டபம்

எனக்குப் பொய் சொல்லத் தெரியும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு மின்விசிறி.

கண்டியில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அம்பிட்டியவில், மூச்சு வாங்கும் மேட்டில், ஒரு வாடகை அறை. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா தினமும் போனில் கேட்பார், தனியாகவா இருக்கிறாய் என்று. இல்லை, கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள், சேர்ந்து சமைக்கிறோம் என்பேன். (பின்னால் கேட்ட பேச்சு, ரேடியோ.) உண்மையில் என்னைத் தேடி வந்தவை குரங்குகள் மட்டும்தான். அவையும் ஜன்னலோடு போய்விடும்.

என் ஆய்வு ஒரு மென்பொருள். அறையின் காற்றையும் வெப்பத்தையும் அளந்து, உள்ளே இருப்பவரின் பழக்கத்தைக் கற்று, விசிறியையும் ஜன்னலையும் தானே இயக்கும். தவறினால் தன்னைத் திருத்திக்கொள்ளும். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காததால் ஆறு மாதம் என் அறையிலேயே பழக்கினேன். நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்ததுமே விசிறி மெல்லச் சுழலும். தேம்பி அழுதால் ஜன்னல் ஒரு விரற்கடை திறக்கும். அந்த ஊரில் என்மீது அவ்வளவு அக்கறை வேறு யாருக்கும் இருக்கவில்லை.

செயல்விளக்க நாளன்று பல்கலைக்கழக மண்டபத்தில் நாற்பது பேர். கல்யாணச் சட்டையில் அப்பா, பெரிய பையோடு அம்மா, தங்கை கலா மூவரும் முன்வரிசையில். மண்டபத்து விசிறியையும் ஜன்னல்களையும் மென்பொருளோடு இணைத்துவிட்டு, நான் பெருமையோடு பொத்தானை அழுத்தினேன்.

பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு நாற்பது பேரின் மூச்சு சேர்ந்து காற்றில் கரியமில வாயுவின் அளவு ஏறியது. இத்தனை மூச்சை அறியாத என் மென்பொருள், காற்றை அளக்கும் உணரிதான் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டியது. பழுது வந்தால் எல்லாவற்றையும் மூடு என்று விதி எழுதி வைத்த மேதை நான்தான். விசிறி நின்றது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மறுபடி இயக்கினேன், மறுபடியும் சாத்திக்கொண்டன. ஆய்வை மதிப்பிட வந்த பரிசோதகர்களில் ஒருவர் என் அறிக்கையால் விசிறிக்கொண்டார். (அன்று அது பயன்பட்ட ஒரே விதம்.)

மென்பொருளைப் பழக்கிய டேட்டாவில், அறைக்குள் அதிகபட்சம் எத்தனை பேர் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். ஒருவர் என்றேன். ஆறு மாதத்தில் இரண்டாவது ஆள் ஒருநாளும் வரவில்லையா என்றார். இல்லை என்றேன்.

விசிறி நின்ற மண்டபத்தில் கிசுகிசுப்பும் தெளிவாகக் கேட்கும்.

"என்னா கேக்குறாரு?" இது அம்மா.

"அக்கா ரூமுக்கு இத்தன நாளா ஒருத்தருமே வரலயாம்மா."

அம்மா குனிந்து பையைப் பார்த்தார். அதற்குள் என் கூட்டாளிகளுக்காக அவர் விடியற்காலையில் கட்டிய எட்டுச் சோற்றுப் பார்சல்கள் இருந்தன. வியர்வை என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பார்சல்களைப் பரிசோதகர்கள் சாப்பிட்டார்கள். அதனாலோ என்னவோ, பலர் கூடும் அறையிலும் பழக்கிக் காட்ட மூன்று மாத அவகாசம் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு கதவைத் திறந்தால், பெரியம்மா குடும்பத்தோடு சேர்த்துப் பதினொரு பேர்.

"மூச்சு விட ஆள் வேணும்னியாமே," என்றபடி அம்மா என் கட்டிலில் உட்கார்ந்தார். ஞாயிறுதோறும் வந்தார்கள். மென்பொருள் இரண்டு வாரம் முரண்டு பிடித்துவிட்டு, பிறகு கற்றுக்கொண்டது. நானும் பட்டம் பெற்றேன்.

இன்றும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "டேட்டா வந்திருக்கு, கதிரையப் போடு," என்பார் அப்பா. என்னைப் பெண்பார்க்க வந்த ஐந்து பேரின் காதிலும் அது விழுந்துவிட்டது. அவர்கள் அப்புறம் வரவேயில்லை.

"விடு புள்ள," என்றார் அப்பா. "அது பழுதான டேட்டா."