ஐயோவுக்கு எத்தனை ஓ?

"பதினோராவது மாடில பல்பு ஃபியூஸாம். இதுக்கா சிவப்பு விளக்கைப் போட்டு என்னை ஓட விட்டீங்க?" ஸ்பானரும் கையுமாக மூச்சிரைக்க நின்றார் லிஃப்ட் மெக்கானிக்.

லூப் திரையைப் பார்த்தான். எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றிப் பதில் சொல்வதால் அந்தப் புரோகிராமருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. லிஃப்ட் மெசேஜ்களில் அவசரமானதைக் கண்டுபிடிக்க மேனேஜர் ஒரு கோட் எழுதச் சொல்லியிருந்தார். அது ஓடினால்தான் வேலை நிரந்தரம்.

"லிஃப்ட்டுக்குள்ள போன் பேச முடியாது. மாட்டினவன் 'ஐயோஓஓஓ'ன்னு இழுத்துதான் மெசேஜ் அடிப்பான். ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தா அவசரம். கண்டுபிடி!" என்று சொல்லியிருந்தார் மேனேஜர்.

கண்டுபிடித்தான். பல்பு மெசேஜில் இருந்த 11-இல் இரண்டு ஒன்றுகள் ஒட்டி நிற்பதையும் கோட் கண்டுபிடித்துவிட்டது.

"அண்ணே, மூணு தடவை வந்தாத்தான் அவசரம்னு மாத்திடுறேன்."

மாற்றினான். மறுநாள் யாரோ "லிஃப்ட் அருமை........ வாழ்க" என்று புள்ளி வைக்க, மெக்கானிக் ஒன்பது மாடி படியேறிப்போய் வாழ்த்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

"புள்ளியை எல்லாம் எண்ணாதீங்க தம்பி, புண்ணியமாப் போகும்!"

எழுத்தை மட்டும் எண்ணும்படி முழுவதையும் திருப்பி எழுதினான். பிறகு ஒரு வாரம் சிவப்பே எரியவில்லை. லூப் பூரித்துப்போனான். மூன்றாம் மாடி அம்மா லிஃப்ட்டுக்குள்ளேயே ஒரு ஸ்வெட்டரைப் பின்னி முடித்துவிட்டு வெளியே வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

வேறு எழுத்து வந்த பிறகுதான் கோட் முந்தைய எழுத்தின் கணக்கைச் சொல்லும். 'ஐயோஓஓஓ'வுக்கு அப்புறம் எவன் வேறு எழுத்தை அடிக்கிறான்?

கீழேயிருந்து மேனேஜர் போனில் வெடித்தார். "பையைக் கட்டு! முதலாளியோட மேல வர்றேன்!"

லூப் அரக்கப்பரக்கக் கடைசியில் ஒரு வரி சேர்த்தான்: செய்தி முடிந்தாலும் கணக்கைச் சொல். சேர்த்த கையோடு திரை சிவந்தது.

"திறங்கடாஆஆஆஆ."

அனுப்பியவர், மேனேஜர்.

லூப் சொன்னதும் மெக்கானிக் போய்த் திறந்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த முதலாளி லூப்பைக் கட்டிக்கொண்டார். "நீ மெசேஜைப் பாக்கலேன்னா உள்ளேயே வெந்திருப்போம்பா! யோவ் மேனேஜர், தம்பியை நிரந்தரமாக்குய்யா."

மேனேஜர் இரண்டு கையாலும் கும்பிட்டார்.

லூப்புக்குக் கண் கலங்கியது. எல்லாரும் போனதும் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்ல வேளை அண்ணே, லிஃப்ட் சரியான நேரத்துல பழுதாச்சு."

"பழுதா?" மெக்கானிக் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "உங்க கோட் புண்ணியத்துல ஒரு வாரம் உட்கார்ந்து சாப்பிட்டேன் தம்பி. அந்த நன்றி இருக்காதா? அவங்க ஏறினதும் சுவிட்சை அணைச்சதே நான்தானே!"